சிறையைச் சுற்றி ட்ரோன் தடை: உண்மையில் அது என்ன செய்கிறது?

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் இப்போது ட்ரோன் இல்லாமல் பெரிய விசேஷம் எதுவும் நடப்பதில்லை. சாந்திக் கல்யாணம், கோயில் கும்பாபிஷேகம், சிராவயல் மஞ்சுவிரட்டு, கானாடுகாத்தான் வீடுகளைப் படமெடுக்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள், அப்புறம் வயலுக்கு மருந்தடிக்கிற ட்ரோன் வேறு. பறக்க விடுகிறவர்கள் கூடக் கூட அதைப் பற்றிய பேச்சும் கூடிவிட்டது. சிறைச்சாலை பற்றிப் பேச்சு வந்தால் மூன்று விஷயங்களை எல்லோரும் உறுதியாகச் சொல்கிறார்கள். 250 கிராமுக்குக் கீழே இருந்தால் எங்கே வேண்டுமானாலும் விடலாம். ஜெயில் பக்கம் போனால் ஜாமர் பட்டுத் தானாகக் கீழே விழுந்துவிடும். இல்லையென்றால் காவலர்கள் சுட்டுத் தள்ளிவிடுவார்கள்.

மூன்றுமே தவறு. முதல் தவறை நம்பி ஒரு கல்யாண வீடியோகிராபர் வழக்கில் மாட்டலாம். மற்ற இரண்டையும் நம்பினால், சிறைக்குள் இருக்கிற மனிதர்களுக்கு வெளியிலிருந்து என்ன ஆபத்து வருகிறது என்பதே நமக்குத் தெரியாமல் போகும். அதனால் இதை அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். ட்ரோன் வாங்கியே இராதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பது என் ஆசை.

## சுவர் யாருக்காகக் கட்டியது

சிறைச் சுவர் தரையில் வருகிற ஆளை மனதில் வைத்துக் கட்டியது. உள்ளே இருப்பவன் ஏறிக் குதிக்கக் கூடாது, வெளியே இருப்பவன் உடைத்துக்கொண்டு நுழையக் கூடாது. நம் பக்கத்திலேயே அதற்குச் சரித்திரம் இருக்கிறது. 1942 ஆகஸ்ட் போராட்டத்தின்போது மக்கள் திரண்டு போய்த் திருவாடானைச் சிறையை உடைத்து, உள்ளே இருந்த சுதந்திரப் போராட்டக்காரர் சின்ன அண்ணாமலையை விடுவித்தார்கள். ஒரு சிறைக்கு வரக்கூடிய பெரிய அபாயம் என்று அப்போது யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு கூட்டத்தைத்தான் சொல்லியிருப்பார்கள். பின்னால் சுவருக்கு வெளியே நின்று பொட்டலத்தைச் சுழற்றி உள்ளே எறிகிற வழக்கம் வந்தது. அதற்கும் ஆள் சுவர்ப் பக்கம் வந்துதான் ஆக வேண்டும், கண்காணிப்புக் கோபுரத்தில் இருக்கிறவர் கண்ணில் பட்டுத்தான் ஆக வேண்டும்.

ஒரு செட்டிநாட்டு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவிலிருந்து பார்த்தால் கோட்டை மாதிரிச் சுவர், தேக்கு நிலை, கனத்த கதவு. ஆனால் உள்ளே வளவின், அதாவது உள்வீட்டின், நடுவில் முற்றம் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கும், வெளிச்சமும் மழையும் காற்றும் வர வேண்டும் என்பதற்காக. அந்தத் திறப்பு வழியாக ஓட்டின் மேலிருந்து யாரும் இறங்கிவிடக் கூடாது என்றுதான் பல வீடுகளில் முற்றத்துக்கு மேலே இரும்புக் கம்பி போட்டிருக்கிறார்கள். சிறைக்கும் முற்றம் உண்டு. கைதிகள் நடக்கிற, குளிக்கிற, வரிசையில் நிற்கிற திறந்தவெளி. அதற்கு மேலே பெரும்பாலும் கம்பி கிடையாது, அந்த வழியாக யாரும் வந்ததில்லை என்பதால்.

அதே வீட்டில் இன்னொன்றையும் கவனியுங்கள். முகப்புத் திண்ணையில் முன்பின் தெரியாத ஆள் உட்கார்ந்திருந்தால் ஆச்சி "குடிக்கத் தண்ணி வேணுமா தம்பி" என்றுதான் கேட்பார்கள். அதே ஆள் ராத்திரியில் வளவுக்குள் நின்றால் அவன் எதற்கு வந்தான் என்று யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை, முதலில் பிடிப்பார்கள், காரணத்தைப் பிறகு கேட்பார்கள். ஆள் அதே ஆள்தான், எந்த இடத்தில் நிற்கிறான் என்பதை வைத்தே முடிவு மாறுகிறது. சிறையைச் சுற்றி ட்ரோன் தடை போடுவது கிட்டத்தட்ட இந்த வளவு எல்லையை வானத்தில் வரைவதுதான்.

சுருக்கமாக இதுவரை: தடை என்பது ட்ரோனைப் பிடித்து நிறுத்துகிற சுவர் இல்லை. அது ஒரு எல்லை. அந்த எல்லைக்குள் வந்த எந்த ட்ரோனையும், யாருடையது, எதற்கு வந்தது என்று ஆராய்ந்துகொண்டிருக்காமல், சந்தேகத்துக்குரியதாக எடுத்துக்கொள்ள அது காவலருக்கு உரிமை தருகிறது.

## ட்ரோன் உள்ளே என்ன கொண்டு போகிறது

செல்போன், சிம் கார்டு, சார்ஜர், கஞ்சா, மாத்திரை, சில நாடுகளில் ஆயுதம். வெறும் பார்வைக்காக வருவதும் உண்டு. 2018 ஜூலையில் பிரான்சில் ரெடுவான் ஃபயீத் என்ற கைதி ஹெலிகாப்டரில் தப்பிப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பே அந்தச் சிறைக்கு மேலே ட்ரோன்கள் தென்பட்டிருந்தன. 2017-ல் அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில் ஒரு கைதி வேலியை வெட்டித் தப்பியபோது, வெட்டுகிற கருவி ட்ரோன் மூலம் வந்திருக்கும் என்றுதான் சிறை அதிகாரிகள் சொன்னார்கள். 2021 செப்டம்பரில் ஈக்வடாரின் குவாயாகில் நகரச் சிறை வளாகத்தில் ட்ரோனிலிருந்து வெடிபொருளையே போட்டார்கள்.

பெரிய செய்தியாக வருவது இவைதான். ஆனால் தினசரி நடக்கிற சின்னப் பொட்டலங்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நாலில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கு. அதாவது இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்கள், ஜாமீனுக்கு ஆள் கிடைக்காமல் உள்ளே இருக்கிற ஏழைகள் அதில் நிறையப் பேர். சிறைக்குள் கஞ்சா வந்தால் விலைக்குத்தான் வரும், விலை இருந்தால் கடன் வரும், கடன் இருந்தால் அடி வரும். அந்தக் கடனுக்குப் பணம் கேட்டு போன் வருவது வெளியே இருக்கிற அம்மாவுக்கு. வாராவாரம் பஸ் ஏறி மதுரைக்கோ திருச்சிக்கோ போய் மனு போட்டு மகனைப் பார்த்துவிட்டு வருகிற அந்த அம்மாவைத்தான் கடைசியில் இது தாக்குகிறது. ட்ரோன் தடையை வீடியோ எடுப்பவர்களுக்கான தொந்தரவாக மட்டும் பார்க்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

## கோடு போட்டால் நின்றுவிடுமா

நிற்காது. இங்கிலாந்தும் வேல்ஸும் இதற்கு நல்ல உதாரணம். 2024 ஜனவரி 25 முதல் அங்கே மூடிய சிறைகள் (திறந்தவெளிச் சிறை அல்லாதவை) எல்லாவற்றையும் சுற்றி 400 மீட்டருக்கு ட்ரோன் பறக்கத் தடை. சும்மா பறக்க விட்டாலே 2,500 பவுண்டு வரை அபராதம், பொருள் கடத்தினால் பத்து ஆண்டு வரை சிறை. ஆனாலும் அந்த வருடம் அக்டோபர் வரையிலான பத்து மாதங்களில் அங்குள்ள சிறைகளில் 1,296 ட்ரோன் சம்பவங்கள் பதிவாயின. 2025 ஜனவரியில் அந்நாட்டுச் சிறைகளின் தலைமை ஆய்வாளர் சார்லி டெய்லர் இது தேசப் பாதுகாப்புக்கே அச்சுறுத்தல் என்று எச்சரித்தார். மான்செஸ்டர் சிறையில் கைதிகள் தண்ணீர் சூடாக்குகிற கெட்டிலின் சூடேற்றும் கம்பியைக் கழற்றி, அதை வைத்து ஜன்னலைச் சுட்டு ஓட்டை போட்டு, வருகிற பொட்டலத்தை அந்த ஓட்டை வழியாக வாங்கியிருக்கிறார்கள் என்று அவருடைய ஆய்வு சொன்னது.

"அப்படியானால் தடையே வீண்தானே" என்று கேட்கத் தோன்றும். இந்த இடத்தில்தான் பலரும் குழம்புகிறார்கள். கடத்துகிறவன் சட்டப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புவதில்லை, உண்மை. ஆனால் தடை இல்லாத காலத்தில் காவலர் ஒருவர் இரவில் ஒரு ட்ரோனைப் பார்த்தால் என்ன செய்ய முடியும்? பக்கத்துக் கல்யாண மண்டபத்து ட்ரோனாக இருக்கலாம், ஒரு சிறுவன் பிறந்தநாளுக்குக் கிடைத்ததைப் பறக்க விட்டுப் பார்த்திருக்கலாம். வெளியே அதை இயக்குகிறவனைப் பிடித்தாலும் பொட்டலம் அதற்குள் போய்ச் சேர்ந்திருக்கும், அவன் கையில் வெறும் ரிமோட் மட்டும் இருக்கும், கடத்தினான் என்று நிரூபிக்க முடியாது. எல்லை என்று ஒன்று வந்துவிட்டால் அதற்குள் பறந்ததே குற்றம். சாமானிய மக்கள் விலகிக்கொள்வார்கள், மீதி இருக்கிற ட்ரோன் தனியாகத் தெரியும்.

## ஏன் 400 மீட்டர்?

சாதாரணமாகக் கடையில் கிடைக்கிற ட்ரோன் நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் போகும், மணிக்கு 54 கிலோமீட்டர். அந்த வேகத்தில் 400 மீட்டரைக் கடக்க 27 நொடி போதும். பார்க்க, இது பறவை இல்லை என்று உறுதி செய்ய, வயர்லெஸ்ஸில் சொல்ல, முற்றத்தில் இருக்கிறவர்களை உள்ளே அனுப்ப, எல்லாவற்றுக்கும் சேர்த்து அரை நிமிடம்கூடக் கிடையாது. அமெரிக்கா 2018-ல் சில மத்திய அரசுச் சிறைகளுக்கு வைத்த தடையோ வளாக எல்லைக்குள், 400 அடி உயரம் வரை மட்டும்தான். 

அப்படியென்றால் ஒரு கிலோமீட்டர் என்று வைத்துவிட வேண்டியதுதானே? வைக்கலாம், ஆனால் விலை உண்டு. ஒரு புள்ளியைச் சுற்றி 400 மீட்டர் வட்டம் போட்டாலே 50 ஹெக்டேர், கிட்டத்தட்ட 124 ஏக்கர். சுவரிலிருந்து அளந்தால் இன்னும் அதிகம். மதுரை மத்தியச் சிறை அரசரடியில் நகரத்துக்கு நடுவில் இருக்கிறது. அங்கே வட்டத்தைப் பெரிதாக்கினால் வீடு, மண்டபம், கடைத்தெரு எல்லாம் உள்ளே வந்துவிடும், அத்தனை பேரும் தினமும் விதியை மீறுகிறவர்களாகிவிடுவார்கள். தினமும் மீறப்படுகிற எல்லைக்குள் எந்த ட்ரோனும் தனியாகத் தெரியாது, போட்ட நோக்கமே கெட்டுவிடும். அதனால் காவலருக்குத் தேவையான நேரத்துக்கும் ஊர் மக்களின் இடத்துக்கும் நடுவே எங்கோ ஓர் இடத்தில் கோடு விழுகிறது.

பிரிட்டன் "மூடிய" சிறைகளுக்கு மட்டும் என்று சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. நம் சிவகங்கை மாவட்டத்தில் புரசடை உடைப்பில் ஒரு திறந்தவெளிச் சிறை இருக்கிறது. நன்னடத்தை உள்ள தண்டனைக் கைதிகள் அங்கே விவசாயம் பார்க்கிறார்கள். மதுரைக்கு வரைகிற அதே வட்டத்தை அங்கே வரைந்தால் பக்கத்து விவசாயி தன் வயலுக்கு ட்ரோனில் மருந்தடிக்க முடியாது, பாதுகாப்பில் கிடைக்கிற லாபமோ மிகக் குறைவு. சிறைக்குச் சிறை எல்லை மாற வேண்டும் என்பது என் கருத்து.

## இந்தியாவில் என்ன விதி

2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள்தான் அடிப்படை. அவை நாட்டின் வானத்தை மூன்று நிறமாகப் பிரிக்கின்றன. பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை அனுமதி கேட்காமல் பறக்க விடலாம். மஞ்சள் மண்டலத்தில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் அனுமதி வேண்டும். சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசு அனுமதித்தால் மட்டுமே பறக்கலாம். எந்த இடம் என்ன நிறம் என்பதை 'டிஜிட்டல் ஸ்கை' என்ற அரசுத் தளத்தின் வரைபடம் காட்டும்.

சிறை என்றால் இத்தனை மீட்டர் என்று அந்த விதிகளில் எழுதவில்லை. ஓர் இடத்துக்கு என்ன தடை என்பதை வரைபடத்தையும் உள்ளூர் உத்தரவுகளையும் வைத்துத்தான் சொல்ல முடியும். அவசரத் தேவை என்றால் மாநில அரசோ காவல்துறையோ ஓர் இடத்தைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம், காவல் கண்காணிப்பாளர் அல்லது அதற்கு மேல் பதவியில் இருக்கிறவர் அறிவிக்க வேண்டும், ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை செல்லும். இதற்கு மேல் பொது அமைதிக்காக மாவட்ட நிர்வாகம் போடுகிற தடை உத்தரவுகள் தனி. ஆகவே நேற்று பச்சையாக இருந்த இடம் இன்று சிவப்பாக இருக்கலாம். கிளம்புகிற அன்று காலையில் பாருங்கள்.

இப்போது அந்த 250 கிராம் விஷயம். 250 கிராம் வரையுள்ள ட்ரோனை 'நானோ' என்கிறார்கள், அதற்கு மேல் 2 கிலோ வரை 'மைக்ரோ'. நானோவுக்குக் கொடுத்த பெரிய சலுகை, ஓட்டுகிறவருக்கு ட்ரோன் ஓட்டுநர் சான்றிதழ் தேவையில்லை என்பது. சிவப்பு மண்டலத்துக்குள் போகலாம் என்று எந்தச் சலுகையும் கிடையாது, எடை எவ்வளவாக இருந்தாலும் எல்லை எல்லைதான். கூடவே ஒன்று: மைக்ரோ ட்ரோனைச் சொந்த ஆசைக்குப் பறக்க விட்டால் சான்றிதழ் வேண்டாம், காசு வாங்கிக்கொண்டு கல்யாணம் எடுத்தால் வேண்டும். நம் பக்கம் பலருக்கு இது தெரியவே இல்லை. ட்ரோன் விதிகளை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

சுருக்கமாக: எடை என்பது ஓட்டுநர் சான்றிதழ் பற்றியது, நிறம் என்பது இடம் பற்றியது. ஒன்றில் கிடைத்த விலக்கு மற்றதில் செல்லாது.

## "ஜாமர் போட்டால் போச்சு" என்பவர்களுக்கு

ட்ரோனும் கையில் இருக்கிற ரிமோட்டும் ரேடியோ அலையில் பேசிக்கொள்கின்றன. பெரும்பாலும் நம் வீட்டு வைஃபை இயங்குகிற அதே அலைவரிசைகளில். ஜாமர் என்பது அந்த அலைவரிசையில் பெரும் இரைச்சலைப் போட்டு, இரண்டும் ஒன்றையொன்று கேட்க முடியாமல் செய்கிற கருவி. பேச்சு அறுந்தால் ட்ரோன் தொப்பென்று விழும் என்றுதான் நினைக்கிறோம். பெரும்பாலான ட்ரோன்கள் விழாது. இணைப்பு அறுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று முன்பே சொல்லி வைத்திருப்பார்கள், கிளம்பின இடத்துக்குத் திரும்பிவிடும், அல்லது நின்ற இடத்தில் மெல்ல இறங்கும். நின்ற இடம் சிறை முற்றமாக இருந்தால் பொட்டலம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்த மாதிரிதான்! போக வேண்டிய பாதையை முன்கூட்டியே பதிந்து அனுப்பினால் ரிமோட்டின் பேச்சே தேவையில்லை. உக்ரைன் போரில் மெல்லிய கண்ணாடி இழையை அவிழ்த்துக்கொண்டே பறக்கிற ட்ரோன்கள் வந்துவிட்டன, அவற்றுக்கு ரேடியோவே வேண்டாம்.

இன்னொரு பக்கம், ஜாமரின் இரைச்சல் சுவரோடு நிற்காது. பக்கத்துத் தெருவின் வைஃபையையும் போனையும் கெடுக்கலாம், ஆம்புலன்ஸுக்குப் போன் போடுகிறவரையும் சேர்த்துத்தான். இந்தியாவில் தனியார் யாரும் ஜாமர் வைக்கக் கூடாது, சிறைகளே வைப்பதானாலும் மத்திய அமைச்சரவைச் செயலகத்தின் அனுமதி வேண்டும். சுடுவது அதைவிட மோசம். இருட்டில் வேகமாகப் போகிற சின்னப் பொருளைச் சுட்டால் தவறிய குண்டு எங்கோ ஒரு கூரையில் இறங்கும், பட்டாலும் ட்ரோன் யார் தலையில் விழும் என்று தெரியாது.

ட்ரோனுக்குள்ளேயே எல்லையைப் பதிந்து வைக்கிற முறைக்கு ஜியோஃபென்ஸ் என்று பெயர். தடை செய்த இடம் வந்ததும் ட்ரோன் தானே நின்றுவிடும். இதை முழுக்க நம்பக் கூடாது. உலகின் பெரிய ட்ரோன் நிறுவனமான டிஜேஐ 2025 ஜனவரியில் அமெரிக்காவில் இந்தக் கட்டாய நிறுத்தத்தை எடுத்துவிட்டு, திரையில் எச்சரிக்கை மட்டும் காட்டுகிற முறைக்கு மாறிவிட்டது. திரையில் எச்சரிக்கை வரவில்லை என்பதால் அந்த இடத்தில் தடை இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

பலன் தருவதாக எனக்குத் தெரிவது சாதாரண வேலைகள்தான். ரேடியோப் பேச்சை ஒட்டுக்கேட்டு ட்ரோனும் அதை இயக்குகிறவனும் எந்தத் திசையில் இருக்கிறார்கள் என்று காட்டுகிற உணர்கருவி, முற்றத்துக்கு மேலே வலை, உடைக்க முடியாத ஜன்னல், விழுந்ததைத் தேடி எடுக்கப் போதுமான காவலர்கள். மான்செஸ்டர் கதையில் ஜன்னல் உறுதியாக இருந்திருந்தால் ட்ரோன் வந்தும் பயனில்லை.

## சட்டத்தில் இருக்கிற ஓட்டை

1894-ம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் 42-வது பிரிவு, தடை செய்த பொருளைச் சிறைக்குள் கொண்டு போகிறவருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. கஞ்சா என்றால் போதைப்பொருள் சட்டம் தனியாகப் பாயும், ஆனால் ஒரு சார்ஜருக்கும் சிம் கார்டுக்கும் அந்தப் பிரிவில் இந்த அளவுதான். 2023-ல் மத்திய உள்துறை ஒரு மாதிரிச் சட்டம் தயாரித்து மாநிலங்களுக்கு அனுப்பியது. சிறை மாநிலப் பட்டியலில் இருப்பதால் அதை ஏற்பதும் திருத்துவதும் மாநிலங்களின் கையில். சிறையைச் சுற்றி நிலையான எல்லை, அதற்கு ஒரு தூரம், அதைச் சொல்கிற தமிழ்ப் பலகை, மூன்றும் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை. அதே சமயம் இந்த எல்லையைக் காட்டி, சிறைக்குள் நடப்பதைப் பத்திரிகைகள் எந்த வழியிலும் பார்க்கவிடாமல் செய்யவும் கூடாது. அனுமதி கேட்க ஒரு வழியும், மறுத்தால் எழுத்தில் காரணமும் வேண்டும்.

## மதுரைக்கோ புதுக்கோட்டைக்கோ ஆர்டர் எடுக்கிறவர்களுக்கு

மண்டபம் எங்கே என்று கேட்கும்போதே பக்கத்தில் சிறை இருக்கிறதா என்றும் வரைபடத்தில் பாருங்கள். புதுக்கோட்டையில் மாவட்டச் சிறை இருக்கிறது, சின்ன ஊர்களில் கிளைச் சிறைகள் பழைய கட்டடங்களில் சத்தமில்லாமல் இருக்கும். நிறம் பச்சையாகவே காட்டினாலும் சிறை அருகில் என்றால் உள்ளூர்க் காவல் நிலையத்தில் முன்பே ஒரு கடிதம் கொடுத்து, முத்திரை போட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காற்று இழுத்துக்கொண்டு போய் ட்ரோன் சிறை வளாகத்துக்குள்ளேயே விழுந்துவிட்டால்? 2025 ஜனவரியில் போபால் மத்தியச் சிறைக்குள் ஒரு சின்ன ட்ரோன் கிடந்தது பெரிய விசாரணையாகவே போனது. சுவர்ப் பக்கம் தேடிக்கொண்டு போகாதீர்கள், ரிமோட்டை மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பவும் வேண்டாம். நேராகச் சிறை வாசலுக்குப் போய் நடந்ததைச் சொல்லி, ட்ரோனின் பதிவு எண்ணைக் கொடுங்கள். போனில் இருக்கிற பறப்புப் பதிவை மட்டும் அழித்துவிடாதீர்கள். எங்கே கிளப்பினீர்கள், எந்த நிமிடத்தில் காற்று இழுத்தது என்பதெல்லாம் அதில் இருக்கும், உங்கள் பக்கத்துக்கு இருக்கிற ஒரே சாட்சி அதுதான்.